உள்ளங்கால் கறுப்பும் இரண்டு ரிப்போர்ட்டும்

கேள்வி, ஜூன் 3, மாலை 6.40

அப்பாவுக்கு 61 வயது. இடது குதிகாலில் இரண்டு வருஷமாக ஒரு கறுப்புத் திட்டு. ஆணிக்கால் என்றுதான் நினைத்திருந்தோம். தோல் டாக்டர் ஒரு சின்னத் துண்டு எடுத்து அனுப்பினார். முதல் ரிப்போர்ட்: மச்சம், சில செல்கள் மீது சந்தேகம், கண்காணிக்கவும். அதே ஸ்லைடை இன்னொரு ஊரில் காட்டினோம். மெலனோமா, அதாவது நிறமிச் செல்லில் வரும் தோல் கேன்சர், மேல்தோலைத் தாண்டவில்லை என்று வந்தது. ஒரே கண்ணாடி, ஒரே துண்டு. மைக்ராஸ்கோப்பில் கேன்சர் செல் தெரியுமா, தெரியாதா? சுகர் டெஸ்ட் மாதிரி ஒரு நம்பர் வராதா? யாரை நம்புவது?

ஜூன் 3, இரவு 10.50

நம்பர் வராது தம்பி. பத்தொன்பது வருஷமாக ஸ்லைடு பார்ப்பதுதான் எனக்கு வேலை, தென் மாவட்டத்தில் ஒரு சின்ன லேப். உங்கள் அப்பாவின் ஸ்லைடை நான் பார்க்கவில்லை, அதனால் யார் சரி என்ற பஞ்சாயத்துக்கு வரமாட்டேன். இரண்டு பேர் எப்படி இரண்டு விதமாகச் சொல்ல முடிகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

கேன்சர் செல்லுக்கு ஒரு முகம் இருக்கிறது, ஸ்டேஷன் சுவரில் ஒட்டிய போட்டோ மாதிரி பார்த்ததும் பிடித்துவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். மெலனோமா அந்த விஷயத்தில் பெரிய ஏமாற்றுக்காரன். உட்கரு பெரிதாக, அதற்குள் குங்குமப்பொட்டு மாதிரி சிவந்த நியூக்ளியோலஸ் தெரிந்தால் நிமிர்ந்து உட்காருவேன். ஆனால் ஒன்றுமில்லாத மச்சத்திலும் அப்படி நாலு செல் வரும். மெலனோமாவிலோ பரம சாதுவான செல்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அதனால் எடுத்ததும் பெரிய லென்ஸுக்குப் போகவே கூடாது. கல்யாண வீட்டில் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தால் என்ன தெரியும், மாடியில் நின்று பார்த்தால்தானே யார் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று தெரியும்.

4 எக்ஸில், அதாவது நாலு மடங்கு மட்டும் பெரிதாக்கும் சின்ன லென்ஸில் வைத்துப் பார்த்தால் மச்சத்துக்கு ஓர் ஒழுங்கு இருக்கும். இடது பாதியும் வலது பாதியும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும், ஓரம் இங்கே முடிகிறது என்று விரல் வைக்கலாம், செல்கள் கூடுகூடாக இருக்கும், அடித்தோலுக்குள் இறங்க இறங்க அந்தக் கூடுகளும் செல்களும் சின்னதாகி ஒடுங்கிவிடும். மெலனோமாவில் ஒரு பக்கம் குவிந்து மறுபக்கம் இழுத்துக்கொண்டு போகும், ஓரம் எங்கே என்று தேட வேண்டும், மேல்தோலின் அடி வரிசையில் கூடுகளைவிடத் தனிச் செல்கள் அதிகமாகும், கூடுகள் இருந்தாலும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கோணல்மாணலாக இருக்கும், ஆழத்தில் இருக்கும் செல்லும் மேலே உள்ளதைப் போலவே பெருத்திருக்கும், அங்கே செல் பிரிந்துகொண்டிருப்பதும் கண்ணில் படும். அப்புறம், அடி வரிசையில் இருக்க வேண்டிய நிறமிச் செல் மேல்தோலில் மேலே மேலே ஏறி வந்திருக்கும். அப்படி ஏறியிருந்தால் அது மெலனோமாதான்.

கறுப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் வருஷப் பிள்ளைகள் அடித்தோலில் கன்னங்கரேலென்று ஒரு செல்லைப் பார்த்ததும் "சார், மெலனோமா!" என்பார்கள். அது பெரும்பாலும் சிந்திய நிறமியைத் தின்றுவிட்டு உட்கார்ந்திருக்கும் துப்புரவுச் செல். குற்றவாளி பக்கத்தில் வெளுத்துப்போய் நிற்பான்.

ஜூன் 4, காலை 6.15

ராத்திரி எழுதியதில் ஒரு தவறு. தூக்கக் கலக்கத்தில் "ஏறியிருந்தால் மெலனோமாதான்" என்று எழுதிவிட்டேன். முதுகுக்கும் கைக்கும் அது ஓரளவு பொருந்தும். நீங்கள் கேட்டதோ குதிகால். உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் ஒன்றுமில்லாத மச்சத்திலேயே செல்கள் மேலே ஏறும். மச்சத்தின் நடுப்பகுதியில், கூட்டுக்கு நேர் மேலே, உருவம் கெடாமல் நாலைந்து செல் ஏறியிருந்தால் அதை வைத்து மட்டும் கேன்சர் என்று எழுதக் கூடாது. ஓரத்தைத் தாண்டியும் சிதறி ஏறியிருந்தால், செல்லின் உருவமும் கெட்டிருந்தால் கதை வேறு.

உங்கள் இரண்டு ரிப்போர்ட்டுக்கும் நடுவே உள்ள சண்டை இதுவாகவே இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

ஜூன் 4, மதியம்

ஒருவர் கேட்டிருக்கிறார்: வெயில் படாத உள்ளங்காலில் எப்படி ஸ்கின் கேன்சர் வரும், வெள்ளைக்காரர்களுக்குத்தானே வரும் என்று. வெயிலால் வரும் வகை அவர்களுக்கு அதிகம், உண்மை. நம் தோலில் இருக்கும் மெலனின் என்ற நிறமி அந்த வகையிலிருந்து பெருமளவு காக்கிறது. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில் வரும் அக்ரல் வகைக்கும் வெயிலுக்கும் பெரிய தொடர்பு கிடையாது. அது எல்லா நிறத்தவருக்கும் வரும். மற்ற வகைகள் நம்மிடம் குறைவு என்பதால், நமக்கு வரும் மெலனோமாவில் பாதம் பெரிய பங்கை எடுத்துக்கொள்கிறது. பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரலில் வந்தது இந்த வகைதான். 1981இல் இறக்கும்போது அவருக்கு வயது 36.

ஜூன் 5, இரவு

வெட்டும் திசையைப் பற்றி எழுதாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. இது புத்தகத்தில் ஒரு வரியாகக் கிடக்கும், எனக்குப் புரிய வைத்தவர் எங்கள் டெக்னீஷியன் அண்ணன்.

உள்ளங்காலில் கைரேகை மாதிரியே ரேகை உண்டு. மேடு, பள்ளம், மேடு, பள்ளம். அங்கே மச்சம் வந்தால் நிறமிச் செல்கள் பெரும்பாலும் பள்ளத்துக்கு அடியில் கூடும். மெலனோமா ஆரம்பிக்கும்போது மேட்டுக்கு அடியில் ஆரம்பிக்கும். தோல் டாக்டர் டெர்மோஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவியை வைத்துப் பார்க்கும்போது கறுப்புக் கோடு மேட்டில் ஓடுகிறதா பள்ளத்தில் ஓடுகிறதா என்று தேடுவது இதற்காகத்தான். ஜப்பான்காரர்கள் இதை நிறைய ஆராய்ந்து சொல்லிக்கொடுத்தார்கள், அவர்களுக்கும் இந்த வகைதான் அதிகம்.

இப்போது ரேகைக்குக் குறுக்கே வெட்டினால் மேடும் பள்ளமும் மாறி மாறி ஸ்லைடில் தெரியும், செல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லலாம். ரேகையோடு நெட்டுக்கு வெட்டிவிட்டால்? ஒரு பள்ளத்தின் நீளம் முழுக்க ஒரே கோடாக விழும். கூடுகள் எல்லாம் சேர்ந்து, தனிச் செல்கள் இடைவிடாமல் வரிசை கட்டி நிற்பது போல் காட்டும். சாதாரண மச்சம், பார்வைக்கு மெலனோமா.

ஒரு முறை அப்படி ஒரு ஸ்லைடை வைத்துக்கொண்டு இரண்டு நாள் தவித்தேன். முப்பது வயதுப் பெண், பாதத்தின் நடுவில் 5 மில்லிமீட்டர் புள்ளி. அண்ணன் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, பிளாக்கை, அதாவது துண்டைப் புதைத்து வைத்த பாரஃபின் மெழுகுக் கட்டியை, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். "சார், ரேகை இந்தப் பக்கம் ஓடுது. நான் தப்பாப் படுக்க வெச்சுட்டேன்" என்றார். பாரஃபினை உருக்கி, துண்டைத் தொண்ணூறு டிகிரி திருப்பி வைத்து, மறுபடி உறைய வைத்து வெட்டிக் கொடுத்தார். பள்ளத்துக்குப் பள்ளம் கச்சிதமாகக் கூடு, மேட்டில் ஒன்றும் இல்லை. அந்தப் பெண்ணின் பாதத்தில் ஒரு பெரிய அறுவை சிகிச்சை தப்பியது. ரிப்போர்ட்டில் என் கையெழுத்துதான் இருக்கும், வேலை அவருடையது.

எனவே தம்பி, பிளாக் எங்கே இருக்கிறது என்று முதல் லேபில் கேளுங்கள். ஸ்லைடை மட்டும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவதைவிட பிளாக்கைக் கொண்டுபோவது மேல். புதிதாக வெட்டலாம், வேறு ஸ்டெயினும், அதாவது செல்லைக் காட்டிக்கொடுக்கும் சாயமும் போடலாம்.

ஜூன் 6

"ஸ்டெயின் போட்டால் தெரிந்துவிடுமே டாக்டர், ஏன் இத்தனை கதை?"

எஸ்-100, சாக்ஸ்-10, மெலன்-ஏ, ஹெச்எம்பி-45 இவையெல்லாம் "இது நிறமிச் செல் குடும்பம்" என்று சொல்லும், அவ்வளவுதான். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே இனிஷியல், எவன் ரவுடி என்று இனிஷியல் சொல்லாது. ஹெச்எம்பி-45 கொஞ்சம் உதவும், மச்சத்தில் மேலே பிடித்து ஆழத்தில் மங்கிவிடும், மெலனோமாவில் ஆழத்திலும் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். ப்ரேம் என்று ஒன்று சில வருஷமாக வந்திருக்கிறது, கிட்டத்தட்ட எல்லாச் செல்லிலும் அழுத்தமாகப் பிடித்தால் மெலனோமா பக்கம் தராசு சாயும். அதுவும் தராசுதான், தீர்ப்பு கிடையாது. மெலனோமாவிலேயே ப்ரேம் பிடிக்காதது உண்டு.

இன்னொரு தலைவலி: இந்த ஸ்டெயின்கள் வழக்கமாகப் பழுப்பு, மெலனினும் பழுப்பு. ஃபில்டர் காபியில் டிகாக்ஷன் எது என்று தேடுவது போல. சிவப்பு நிறம் தரும் வகையைப் போடலாம், அல்லது மெலனினை முதலில் வெளுக்க வைக்கலாம். வெளுக்க வைத்த ஸ்லைடில்தான் பல முறை, அடடா உட்கரு இவ்வளவு மோசமாகவா இருந்தது என்று தெரியவந்திருக்கிறது.

எஸ்-100 என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று யாரோ கேட்பீர்கள், முந்திக்கொள்கிறேன். 100 சதவீதம் செறிவூட்டிய அமோனியம் சல்ஃபேட் கரைசலிலும் கரைந்தே இருந்த புரதம், அதனால் அந்தப் பெயர். 1965. நேர்முகத் தேர்வில் என்னைக் கேட்டார்கள், தெரியவில்லை.

ஜூன் 7, இரவு 11.30

இதைப் போடலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நீங்கள் ஏற்கெனவே பயந்திருக்கிறீர்கள். ஆனாலும் கேள்வியே இதுதான்.

2017இல் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வு வந்தது. என்னைப் போல ஸ்லைடு பார்க்கும் நோயியல் மருத்துவர்கள் 187 பேர், 240 தோல் பயாப்சிகள் (சோதனைக்கு எடுத்த துண்டுகள்). எல்லாவற்றையும் ஐந்து வகுப்பாகப் பிரித்து, நிபுணர் குழு ஒருமித்துச் சொன்ன முடிவோடு ஒப்பிட்டார்கள். முதல் வகுப்பு, சாதாரண மச்சம்: 92 சதவீதம் ஒத்துப்போனது. ஐந்தாவது வகுப்பு, ஆழமாக இறங்கிய மெலனோமா: 72. நடுவில் உள்ள மூன்றும் 25, 40, 43. அதாவது ஆரம்பநிலை மெலனோமாவும், மச்சமா இல்லையா என்று இழுபறியாக இருப்பவையும் பாதிக்கும் கீழே. சில மாதம் கழித்து அதே ஸ்லைடை அதே ஆளிடம் கொடுத்தபோது பலர் தங்களோடேயே ஒத்துப்போகவில்லை.

முதல் தடவை படித்தபோது கோபம் வந்தது. என்ன இது, எங்களைக் கேலி செய்கிறார்களா என்று. இரண்டு வாரம் கழித்துப் பீரோவிலிருந்து என் பழைய ஸ்லைடுகள் பன்னிரண்டை எடுத்து, ரிப்போர்ட்டைப் பார்க்காமல் மறுபடி எழுதினேன். மூன்று மாறியது. கோபம் போய்விட்டது.

உங்கள் இரண்டு ரிப்போர்ட்டும் விழுந்திருப்பது சரியாக இந்த நடு வகுப்புகளில். ஒருவர் திறமைசாலி, ஒருவர் முட்டாள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் 92 சதவீதத்தையும் பாருங்கள், மச்சத்தை மச்சம் என்று சொல்லத் தெரியாமல் இல்லை.

ஜூன் 8

ஒருவர் "அப்படியானால் எல்லா ரிப்போர்ட்டும் லாட்டரிதானா" என்று எழுதியிருக்கிறார். இல்லை. லாட்டரிச் சீட்டை மறுபடி வெட்டிப் பார்க்க முடியாது.

ஜூன் 9, ஞாயிறு

லேப் லீவு. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரிப் பெண், இருபது வயது, கன்னத்தில் மச்சம். ஸ்லைடில் தனிச் செல்கள் அடி வரிசை முழுக்க, சில மேலேறி, ஓர் ஒழுங்கும் இல்லை. படிவத்தில் "கன்னத்தில் மச்சம்" என்ற இரண்டு சொல் தவிர வேறொன்றும் இல்லை. மெலனோமா என்று டைப் அடித்தாயிற்று. கையெழுத்துப் போடும் முன் மனசு கேட்காமல் அறுவை சிகிச்சை நிபுணருக்குப் போன் செய்தேன். "மூன்று மாதத்துக்கு முன்னால் பார்லரில் சுட்டிருக்கிறார்கள் டாக்டர், திரும்ப வந்திருக்கிறது, சொல்லவில்லையா?" என்றார். சொல்லவில்லை. ஸ்லைடுக்குத் திரும்பிப் போனேன். கீழே தழும்பு பளிச்சென்று இருந்தது, கோளாறான செல்கள் தழும்புக்கு மேலே மட்டும், தழும்பின் ஓரத்தோடு சரியாக நின்றுவிட்டன, தழும்புக்கும் கீழே பழைய மச்சத்தின் மிச்சம் சாதுவாகக் கிடந்தது. அரைகுறையாக எடுத்த மச்சம் திரும்ப முளைக்கும்போது இப்படித்தான் மெலனோமா வேஷம் போடும். 1975இலேயே இதற்குப் பொய் மெலனோமா என்று பெயர் வைத்துவிட்டார்கள். சுண்ணாம்பு வைத்து எரிப்பது, பார்லரில் சுடுவது, நூல் கட்டி அறுப்பது எதுவானாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, மறைத்தால்தான் வம்பு.

அது தப்பித்த கதை. தப்பிக்காத கதை ஒன்று இருக்கிறது.

வேலை தொடங்கி மூன்றாவது வருஷம். விவசாயி, ஐம்பது சொச்சம், கால் கட்டைவிரல் நகத்துக்குப் பக்கத்தில் ஆறாத புண். கறுப்பே இல்லை, சிவந்த சதை. மண்வெட்டி பட்டது என்று சொல்லியிருந்தார். சர்க்கரையும் இருந்தது. பயாப்சித் துண்டில் புண், சீழ், புது ரத்தக்குழாய்கள். ஆறாத புண்ணின் சதை என்று எழுதி அனுப்பினேன், அன்றைக்கு முப்பதாவது ஸ்லைடு அது. பதினான்கு மாதம் கழித்துத் தொடையிடுக்கில் நெறி கட்டி வந்தார். ஊசி போட்டு எடுத்த செல்லிலேயே தெரிந்தது. மெலனோமா.

அன்று சாயங்காலம் பழைய ஸ்லைடைத் தேடி எடுத்தேன். புண்ணின் ஒரு ஓரத்தில், சேதமாகாமல் மிஞ்சியிருந்த மேல்தோலில், அடி வரிசையில், ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, வெளிறிய செல்கள் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. நிறம் இல்லை. நான் புண்ணின் நடுவைப் பார்த்திருக்கிறேன், ஓரத்தைப் பார்க்கவில்லை. அல்லது பார்த்தும் மண்வெட்டியை நம்பியிருக்கிறேன்.

அதற்கப்புறம் பாதத்திலிருந்து வரும் எந்தப் புண்ணுக்கும் எஸ்-100 ஒன்று போட்டுவிடுவேன். செலவு அதிகம் என்று திட்டுவார்கள். திட்டட்டும்.

ஜூன் 10

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு என் மனைவி, கேட்ட பையனுக்கு ஆறுதல் சொல்வதாக ஆரம்பித்து உங்கள் கதையைக் கொட்டியிருக்கிறீர்கள் என்றாள். சரிதான்.

கொஞ்சம் பழங்கதை பேசுவோம். லண்டனில் ஜான் ஹன்டர் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் 1787இல் ஒருவரின் தாடையோரத்தில் இருந்து வெட்டி எடுத்த கறுப்புக் கட்டியை ஜாடியில் போட்டு வைத்தார். என்னவென்று அவருக்குத் தெரியாது. 1968இல் அதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோதுதான் மெலனோமா என்று உறுதியானது. ரிப்போர்ட் வர 181 வருஷம். எங்கள் லேபில் நாலு நாள் ஆனால் போன் மேல் போன் வருகிறது.

சோஃபி ஸ்பிட்ஸ் என்ற அமெரிக்க நோயியல் மருத்துவர் 1948இல் குழந்தைகளின் மெலனோமா என்று ஒரு கட்டுரை எழுதினார். மைக்ராஸ்கோப்பில் பயங்கரமாக இருக்கும், குழந்தைகளோ நன்றாகவே இருப்பார்கள். பின்னால் அவற்றில் பெரும்பாலானவை மச்சம்தான் என்று தெளிந்து, இன்றைக்கு ஸ்பிட்ஸ் மச்சம் என்று அவர் பெயரிலேயே அழைக்கிறோம். செல்லின் முகத்தை மட்டும் பார்க்காதே, வயதையும் கேள் என்பதற்கு என் பேராசிரியர் எப்போதும் இதைத்தான் சொல்வார்.

ஜூன் 12

தம்பி எழுதியிருக்கிறார்: மூன்றாவது இடத்தில் பிளாக்கைக் கொடுத்தார்கள், துண்டு சின்னது, ஓரமே தெரியவில்லை, திட்டு முழுவதையும் எடுத்து அனுப்புங்கள், அப்புறம் பேசலாம் என்றார்களாம். நல்ல பதில். யானையின் வாலை அனுப்பிவிட்டு இது ஆணா பெண்ணா என்று கேட்டால் என்ன சொல்வது. சமச்சீர், ஓரம் என்று முதல் நாள் நான் அளந்ததெல்லாம் திட்டு முழுசாக இருந்தால்தான் பார்க்க முடியும். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

முழுசாக எடுத்த பின் ரிப்போர்ட்டில் ஒரு நம்பர் வரும். அடடா, முதல் வரியிலேயே "நம்பர் வராது" என்று எழுதினேனே. கேன்சரா இல்லையா என்பதற்கு நம்பர் வராது. கேன்சர்தான் என்று ஆனபிறகு எவ்வளவு ஆழம் என்பதற்கு வரும். 1970இல் அலெக்ஸாண்டர் பிரெஸ்லோ சொன்ன அளவு, இன்றைக்கும் அதற்குத்தான் முதல் மரியாதை. மேல்தோலில் துகள் அடுக்கு என்று ஒன்று உண்டு, அதன் மேல்விளிம்பிலிருந்து அடித்தோலில் மிக ஆழமாக இருக்கும் மெலனோமா செல் வரை மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். குதிகாலின் தடித்த செத்த தோலைச் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் வெறுங்காலில் வயலில் நடந்தவர்களுக்கெல்லாம் ஸ்டேஜ் கூடிவிடும். புண்ணாகி இருந்தால் புண்ணின் அடியிலிருந்து. 0.8 மில்லிமீட்டருக்குக் கீழே, புண்ணும் இல்லை என்றால் டி1ஏ, ஆழத்தை வைத்துப் பிரிக்கும் வகுப்புகளில் மிகக் கீழே உள்ளது. 4ஐத் தாண்டினால் டி4, மிக மேலே உள்ளது.

அளப்பது ஐபீஸில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில் இருக்கும் சின்ன ஸ்கேலை வைத்து. லென்ஸை மாற்றினால் ஒரு கட்டத்தின் மதிப்பும் மாறும். புது மைக்ராஸ்கோப் வந்தபோது பழைய கணக்கிலேயே மூன்று நாள் அளந்தேன். நல்லவேளை, அந்த மூன்று நாளில் வந்தது மெலனோமா இல்லை, மருவும் கொழுப்புக்கட்டியும்தான்.

ஜூன் 27

ரிப்போர்ட் வந்துவிட்டது, தம்பி போட்டோ அனுப்பியிருந்தார். அக்ரல் மெலனோமா. பெரும்பகுதி மேல்தோலுக்குள்ளேயே இருக்கிறது, ஓர் ஓரத்தில் மட்டும் 0.5 மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கிறது. புண் இல்லை. இன்னொரு பக்கம், முதலில் துண்டு எடுத்த இடத்தை ஒட்டி, செல்கள் மிகக் குறைவு, கிட்டத்தட்ட மச்சம் மாதிரிதான் இருக்கிறதாம். முதல் ஆள் அதைத்தான் பார்த்திருக்கிறார். இரண்டாவது ஆள் அதே இடத்தில் தனிச் செல்களின் வரிசையைப் பார்த்திருக்கிறார். என் கையில் கிடைத்திருந்தால் நான் எந்தப் பக்கம் சாய்ந்திருப்பேன் என்று மூன்று தடவை யோசித்தேன். முதல் ரிப்போர்ட்டைத்தான் எழுதியிருப்பேன் என்று நினைக்கிறேன். "கண்காணிக்கவும்" என்பதற்குப் பதில் "முழுவதும் எடுத்து அனுப்பவும்" என்று எழுதியிருப்பேனா? ஜூன் 9ஆம் தேதி எழுதிய விவசாயிக்குப் பிறகு, ஆம்.

இந்த ஆழத்துக்குச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுப்பார்கள். நெறிக்கட்டியை எடுத்துப் பார்ப்பது இந்த அளவில் பொதுவாகத் தேவைப்படாது, உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு.

அப்பா கேட்டாராம், அறுவை சிகிச்சை முடிந்து எத்தனை நாளில் வயலுக்குப் போகலாம், வெறுங்காலோடு நடக்கலாமா என்று. அதை அறுவை சிகிச்சை நிபுணரிடம் கேளுங்கள் தம்பி, குதிகாலில் தோல் ஒட்டு வைத்தால் நாளாகும். அடுத்த பாதத்தையும் ஒரு தடவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிடுங்கள், நக இடுக்கு உட்பட. பிளாக்கை வாங்கிப் பத்திரமாக வையுங்கள், பீரோ போதும், பூஜை அறையில் விளக்குப் பக்கத்தில் வேண்டாம். ஒருவர் வைத்தார், உருகிவிட்டது.